எட்டு வயதுப் பையனிடம் தோற்ற தம்பிக்கு



உன் கடிதமும் கூட வைத்திருந்த ஸ்கோர் ஷீட்டுகளும் கிடைத்தன. ஆறு ரவுண்டில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் எதிராளி வராததால் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும்விடக் கடைசி ரவுண்டில் நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்து ஆடிய எட்டு வயதுப் பையனிடம் தோற்றதுதான் உனக்கு வலிக்கிறது. பதினைந்து வயதில் ஆரம்பித்தது தப்போ, எனக்கு செஸ் வருமா என்று கேட்கிறாய். வருமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதே. ஆனால் ஏன் இவ்வளவு தோற்கிறாய் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், பேரிங் எப்படிப் போடுகிறார்கள் என்று பார். நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறை. ஆட்டக்காரர்களை ரேட்டிங் வரிசையில் அடுக்கி, பட்டியலை நடுவில் வெட்டி, மேல்பாதியின் முதல் ஆளைக் கீழ்ப்பாதியின் முதல் ஆளோடு உட்கார வைப்பார்கள். ரேட்டிங் இல்லாத நீ பட்டியலின் அடியில் இருப்பாய். அதனால் முதல் ரவுண்டில் உனக்கு எதிரே வருகிறவர் உன்னைவிட நன்றாக ஆடுகிறவராகத்தான் இருப்பார். தப்பித் தவறி ஜெயித்தால் அடுத்த ரவுண்டில் ஜெயித்தவர்களில் ஒருவர் வருவார், அவர் இன்னும் வலுவானவர். புதியவனுக்கு இந்த ஏற்பாட்டில் சுலபமான தொடக்கம் கிடையாது.

ரேட்டிங் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்து, 1970இல் சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட முறை அது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், கீழே இருப்பவர் 11 ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. 200 வித்தியாசம் என்றால் நான்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளிகூட முழுதாகத் தேறாது. முதல் ரேட்டிங் போட்டியில் ஒருவர் பூஜ்யம் எடுத்தால் ஃபிடே அதைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடும். விதி எழுதியவர்களே புதியவன் பூஜ்யம் எடுப்பான் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு வருவோம். அவனுக்கு வயது எட்டு. ஆனால் ஐந்து வயதிலேயே கிளாசுக்குப் போக ஆரம்பித்திருப்பான். தினமும் புதிர்கள் போட்டிருப்பான். பலகையின் முன்னால் அவன்தான் உனக்கு மூத்தவன். இதில் அவமானப்பட எதுவும் இல்லை. உன் தெருவில் வீணை வாசிக்கிற சின்னப் பெண் யாராவது இருந்தால் அவளிடம் போய், நான் பெரியவன், நான்தான் நன்றாக வாசிக்க வேண்டும் என்பாயா?

இனி உன் பங்கு. நீ அனுப்பிய ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். ஓப்பனிங்கில் கோட்டை விடுகிறேன், நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். ஓப்பனிங்கால் நீ ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஒன்றில் மந்திரியைச் சும்மா கொடுத்திருக்கிறாய். ஒன்றில் குதிரை ஒரே தாவலில் உன் ராஜாவையும் யானையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இன்னொன்றில் முதல் வரிசையில் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லாமல் மேட். ஆரம்பத்தில் ஆடுகிற எல்லோரும் தோற்பது இப்படித்தான். இதற்கு மருந்து கொஞ்சம் சலிப்பானது. காயைத் தொடும் முன் எதிராளியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும்: அவன் எந்தச் செக் கொடுக்கலாம், எந்தக் காயை வெட்டலாம், எதை மிரட்டுகிறான். ஒவ்வொரு நகர்வுக்கும், நாற்பது தடவை வந்தாலும் நாற்பது தடவையும். உன் ஸ்கோர் ஷீட்டில் ஒன்றைக் கவனித்தேன். தவறு செய்வதற்கு இரண்டு மூன்று நகர்வுக்கு முன்பிருந்தே உன் கையெழுத்து கிறுக்கலாகிவிடுகிறது. அவசரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பெரிய ஆட்டக்காரர்கள் இப்படித் தோற்பதில்லை என்று நினைக்காதே. 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே வருடம் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ ஸபாட்டாவுக்கு எதிராக ஐந்தாவது நகர்வில் மந்திரியை எஃப்5 கட்டத்தில் வைத்தார். ஸபாட்டா ராணியை ஈ2-க்குக் கொண்டுவந்தார். ஈ4-இல் நின்ற ஆனந்தின் குதிரை, பின்னால் அவருடைய ராஜா இருப்பதால் நகர முடியாது. காப்பாற்றவும் வழியில்லை. ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஆறே நகர்வு! அந்த மந்திரி நகர்வு முந்தைய வருடம் மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இருவர் ஆடிய ஆட்டத்தில் வந்ததுதான். அங்கே மைல்ஸ் அதைத் தண்டிக்காமல் விட்டதால் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தது. யாரோ ஆடித் தப்பித்த நகர்வு என்பதற்காக அது நல்ல நகர்வாகிவிடாது. ஓப்பனிங் புத்தகம் கேட்கிற உனக்கு இந்த ஆட்டம் போதும்.

தோற்ற உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பலர் செய்வதில்லை. எதிராளியிடம், "நான் எங்கே தப்பு பண்ணேன்?" என்று கேள். அந்த எட்டு வயதுப் பையனிடம் கேட்டிருந்தால், "இந்தக் குதிரைய நீங்க பாக்கவே இல்லண்ணா" என்று பட்டென்று சொல்லியிருப்பான். சின்னப் பிள்ளைகளுக்கு முகதாட்சண்யம் கிடையாது. கூச்சப்பட்டு வெளியே ஓடிவிட்டால் இலவசமாகக் கிடைக்கிற பாடம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் கணினியில் செஸ் இன்ஜினைத் திறக்காதே. முதலில் நீயே ஆட்டத்தை ஓட்டிப் பார்த்து, எங்கே கை நழுவியது என்று பென்சிலால் வட்டம் போடு. பிறகு இன்ஜினிடம் போ. உன் வட்டமும் அது காட்டுகிற இடமும் பொருந்தத் தொடங்கினால் உன் கண் தேறுகிறது என்று அர்த்தம். ரேட்டிங்கில் அது தெரிவதற்குச் சில மாதம் பிடிக்கும்.

இரவில் மொபைலில் மூன்று நிமிட ஆட்டமாக ஆடி, போன ஆன்லைன் ரேட்டிங்கைப் பிடிக்கப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து. கோபத்தில் ஆடுகிற ஆட்டத்தில் நான் மேலே சொன்ன மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நீ கேட்க மாட்டாய். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் போனை மூடு. ஆட வேண்டுமென்றால் பதினைந்து நிமிட ஆட்டம் ஆடு. மிச்ச நேரத்தில் ஒரு நகர்வு, இரண்டு நகர்வுப் புதிர்களைப் போடு. கடினமான புதிர் இப்போது வேண்டாம்.

நான்காவது ரவுண்டோடு போட்டியை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன் என்ற வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2024இல் டொரண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியில் சென்னைப் பெண் வைஷாலி வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார். பிறகு கடைசி ஐந்து ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். அவர் தோல்வியும் உன் தோல்வியும் ஒன்று என்று சொல்லவில்லை. உனக்கு அடுத்த ஐந்தும் வெற்றியாக வரும் என்ற உத்தரவாதமும் என்னிடம் இல்லை. அவர் எழுந்து போயிருந்தால் அந்த ஐந்து ஆட்டம் நடந்திருக்காது, அவ்வளவுதான். உன்னைப் போல ஒரு புள்ளியோ அதுவும் இல்லாமலோ இருப்பவர்கள் கடைசி ரவுண்டுகளில்தான் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். உனக்குச் சரிசமமான எதிராளி கிடைப்பதே அங்கேதான்.

இதை அப்பாவிடமும் காட்டு. மண்டபத்து வாசலில் நின்று "ஜெயிச்சியா?" என்று கேட்பது எல்லா அப்பாக்களுக்கும் வரும் வழக்கம். அதற்குப் பதிலாக, "எத்தனாவது நகர்வுல விட்ட?" என்று கேட்டால் நீ வீடு வரும் வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாய். செஸ் தெரியாத அப்பாவும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

அடுத்த போட்டி முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டுகளை அனுப்பு. தோற்ற ஆட்டங்கள் மட்டும் போதும், பென்சில் வட்டத்தோடு. கையெழுத்து கடைசி நகர்வு வரை படிக்கிற மாதிரி இருக்கட்டும்.