நிலத்தைத் தேடுங்கள், ஆள் கிடைப்பார்

பூட்டனைத் தேடப் புறப்படும் இளையவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பன் யார், எந்த ஊர், என்ன பயிர் வைத்தார் என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் உழுது பிழைத்தவர்கள். அவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது, புகைப்படம் கிடையாது, பலருக்குக் கையெழுத்தே கிடையாது. ஆனாலும் வரி கட்டிய மண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் வழியாக அவர்களை எட்டிப் பிடிக்க முடியும். பழைய பத்திரங்களோடும் பதிவேடுகளோடும் நெடுங்காலம் பழகியதில் தேறிய பத்துச் சொற்களை இங்கே சொல்கிறேன்.

1. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் அத்தை, பெரியம்மா, சின்னத் தாத்தா என்று வயதில் மூத்த எல்லாரையும் பார்த்துவிடுங்கள். “கொள்ளுத்தாத்தா பேர் என்ன?” என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்தக் கிணற்றில் இறைத்தார்கள், எந்தக் காட்டை யாருக்கு விற்றார்கள், குலதெய்வம் எந்த ஊரில், பங்காளி வீடுகள் எவை, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கிணற்றுக்காடு, மேட்டுக்காடு, கோயில் வயல் என்று வீட்டில் வழங்கும் பெயர்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களின் நான்கெல்லைப் பகுதியில் இந்தப் பெயர்கள்தாம் திரும்ப வரும். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், கிஸ்து ரசீது, ஜாதக நோட்டு, மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை எல்லாமே சாட்சிகள். எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுங்கள்.

2. உங்கள் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய பத்திரத்தைக் கேட்டு ஒருவன் வந்தால், பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. நிலத்தகராறில் உடைந்த குடும்பங்கள் ஏராளம். “எனக்குச் சொத்து வேண்டாம், சரித்திரம் போதும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தேடலில் தெரிய வந்த விவரத்தைக் கொண்டு பின்னாளில் வழக்குப் போட்டால், உங்களுக்குப் பின் வருகிறவனுக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

3. பெயரை மட்டும் நம்பி ஓடாதீர்கள்.

நம் குடும்பங்களில் தாத்தாவின் பெயர் பேரனுக்கு வரும். கருப்பண்ணன் மகன் முத்துச்சாமி, அவர் மகன் கருப்பண்ணன், அவர் மகன் மறுபடியும் முத்துச்சாமி. அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மூத்த மகனுக்கு ஒரே தாத்தாவின் பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்துப் பார்த்தாலும் குழப்பம் முழுதாகத் தீராது, ஏனென்றால் இந்தச் சோடி இரண்டு தலைமுறைக்கு ஒரு முறை திரும்ப வந்துவிடும். ஆகவே பெயர், தகப்பன் பெயர், நிலம், ஆண்டு ஆகிய நான்கும் பொருந்தினால்தான் ‘இவர் நம்மவர்’ என்று எழுதுங்கள். மூன்று பொருந்தினால் பென்சிலால் எழுதி வையுங்கள்.

4. காலத்தை மாற்றிக் கணக்கிடப் பழகுங்கள்.

பழைய ஆவணங்களில் ஆங்கில ஆண்டு இல்லாமலும் போகும். வருவாய்க் கணக்குகள் பசலியில் ஓடும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அதோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தென்கோடியில் கொல்லம் ஆண்டு வழங்கியது, அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ஜாதகத்திலும் ஓலையிலும் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். சுபானு வருடம் என்பது 1883ஆகவும் இருக்கலாம், 1823ஆகவும் இருக்கலாம். அந்த மனிதரின் மகன் பிறந்த ஆண்டு, அவர் செய்த கிரயம் போன்ற வேறொரு தடயத்தை வைத்தே எந்தச் சுற்று என்று முடிவு கட்டுங்கள்.

5. புல எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள்.

எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பயன்பட்ட வழி இதுதான். ஆட்கள் பெயரை மாற்றுவார்கள், ஊர் மாறுவார்கள், சாவார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் எண் மாறினாலும், மாறியதற்குக் கணக்கு இருக்கும். குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் பட்டாவிலிருந்து, அல்லது விற்றுவிட்ட நிலத்தின் இன்றைய எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் உருவான பதிவேட்டில், அதாவது இன்றைய ‘அ’ பதிவேட்டில், புதிய எண்ணுக்கு அருகிலேயே பழைய புல எண் இருக்கும். அந்தப் பழைய எண்ணை எடுத்துக்கொண்டு செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போங்கள். சென்னை மாகாணத்தில் முறையான நில அளவைத் துறை 1858இல் தொடங்கியது. அதன்பின் மாவட்டம் மாவட்டமாக அளந்து, தரம் பிரித்து, தீர்வை நிர்ணயித்தார்கள். அந்தப் பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். அதற்கும் முந்திய பைமாஷ் என்ற பழைய அளவையின் எண் கிடைத்தால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையே தொட்டுவிடலாம். கிராமம், தாலுகா அலுவலகம், மாவட்ட ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் கேட்டுப் போங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த ஆண்டில் ஆள் உயிரோடு இருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்தவர் பெயரிலேயே பல காலம் பட்டா ஓடுவது வழக்கம். அதுபோல, கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயர் மட்டுமே ஏறியிருக்கும். தம்பிமார் பெயர் காணோம் என்றால் அவர்கள் பிறக்கவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

6. அந்த ஊர் யார் வசம் இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாராமகால் பகுதியில் பிரிட்டிஷ் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792க்குப் பின் தொடங்கி வைத்த ரயத்துவாரி முறையில், உழவர் நேரே அரசுக்கு வரி கட்டினார். அதனால் அவர் பெயர் அரசுக் கணக்கில் ஏறியது. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் பகுதிகளில் குடியானவர் ஜமீனுக்குக் கட்டினார். அங்கே அவர் பெயர் ஜமீன் கணக்கில்தான் இருக்கும். அரசின் முறையான செட்டில்மெண்ட் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. இனாம் நிலம், அதாவது மானிய நிலம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில், அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதுவரை கேட்டு எழுதினார்கள். கோயில் ஊழியம், ஊர் ஊழியம் செய்து சிறு மானியம் பெற்ற எளிய குடும்பங்களும் அதில் உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைக்கக்கூடிய இடம் அது.

7. சார்பதிவாளர் அலுவலகத்தில் பொறுமையோடு தேடுங்கள்.

1864ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பத்திரப் பதிவு நிலைபெற்றது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். அதற்குப் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்தினால் யாரும் பார்வையிடச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்தைத் தாண்டாது. பழையதற்கு நேரில் மனுப் போட வேண்டும். உங்கள் ஊர் அந்நாளில் எந்தப் பதிவு எல்லையில் இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் தவறான அலுவலகத்தில் நாள் போய்விடும்.

கிடைத்த பத்திரத்தை விலைக்காக மட்டும் படிக்காதீர்கள். இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், ஜாதி இன்னது, ஜீவனம் விவசாயம் என்று தொடங்குவார்கள். கல்யாணச் செலவுக்கா, பழைய கடனைத் தீர்க்கவா, கிணறு வெட்டவா என்று பணம் வாங்கிய காரணத்தை எழுதுவார்கள். நான்கெல்லையில் அக்கம்பக்கத்து நிலக்காரர்களைச் சொல்வார்கள், அவர்களில் பலர் பங்காளிகள். சாட்சிகளில் மாமன் மைத்துனன் இருப்பார்கள். இவை எல்லாவற்றிலும் மேலானது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும், மைனர் பிள்ளைகளும், விதவைத் தாய்க்கு ஒதுக்கிய ஜீவனாம்சமும் ஒரே தாளில் வந்துவிடும். பெண்களின் பெயர்கள் அரிதாகவே ஏறிய அந்தக் காலத்தில், அந்தத் தாய் பெயரோடு தென்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

8. பழைய எழுத்தையும் அளவையும் கற்றுக்கொள்ளுங்கள்.

புள்ளி இல்லாத மெய், குறில் நெடில் வேறுபாடு காட்டாத கொம்பு, இடைவெளி விடாத வரி, ௧ ௨ ௩ என்ற தமிழ் எண்கள், நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் மேற்படிக்கும் தனித்தனிக் குறிகள். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். முதலில் உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் அந்தத் தாளில் கண்டுபிடியுங்கள். அந்த எழுத்து வடிவங்களைக் கொண்டு மற்றச் சொற்களைப் படிக்கலாம். காணி என்பது பொதுவாக 1.32 ஏக்கர், ஐந்து காணி ஒரு வேலி. குழியும் மாவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இவற்றைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9. மக்கள்தொகைக் கணக்கில் ஆளைத் தேடாதீர்கள், காலத்தைத் தேடுங்கள்.

இங்கிலாந்தில் 1841 முதல் வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்து, நூறு ஆண்டு கழிந்ததும் எல்லார் பார்வைக்கும் திறந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, 1871இல் நம் ஊரில் எடுத்த கணக்கிலும் பூட்டனார் பெயர் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். இங்கே தொகையைக் கூட்டி முடித்தபின் வீட்டுத் தாள்களைக் காக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் விவரத்தைப் பார்வைக்குத் தருவதில்லை. ஆனால் 1871, 1881, 1891 அறிக்கைகளின் மாவட்ட, தாலுகா அட்டவணைகள் வேறு விதத்தில் உதவும்.

சேலம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1871இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே போனார்கள். இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். “பஞ்சத்தில் பிழைக்க இந்த ஊருக்கு வந்தோம்” என்று உங்கள் வீட்டில் சொல்வார்களானால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இழப்பு இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் பட்டா ஒரேயடியாகக் கைமாறியிருந்தாலோ, ஒரு கிளையே கணக்கில் காணாமல் போயிருந்தாலோ, காரணத்தை அங்கே தேடுங்கள். லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு (1883), நிக்கல்சனின் கோயம்புத்தூர் கையேடு (1887), வெங்கசாமி ராவின் தஞ்சாவூர் கையேடு (1883) போன்றவற்றையும் கூடவே படியுங்கள். என்ன விளைந்தது, என்ன விலை விற்றது, எந்த ஆண்டு மழை பொய்த்தது என்று தெரிந்தால்தான் பூட்டனார் வெறும் பெயராக நிற்காமல் வாழ்ந்த மனிதராகத் தெரிவார்.

10. பட்டா இல்லாத உழவரை விட்டுவிடாதீர்கள்.

வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்கள், பண்ணையாளாக உழைத்தவர்கள் நிலப் பதிவேட்டில் ஏறவில்லை. அவர்களும் விவசாயிகளே, மாகாணத்தின் நெல்லில் பெரும்பங்கு அவர்கள் கையால் விளைந்தது. அவர்களைத் தேடும் பிள்ளைகளுக்கு வேறு வாசல்கள் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட நிலங்களின் ஒப்படைப்புக் கணக்கு ஒன்று. கிறித்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இன்னொன்று. ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்தவர்களின் பதிவுகள் மூன்றாவது. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் தொட்டு, ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், தாலுகா வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டுக்குப் போனவர்களின் பதிவேடுகளைக் காத்து வருகிறது. உங்கள் பூட்டனார் ஊரிலேயே இருந்திருக்கலாம். அவர் தம்பி கப்பல் ஏறியிருந்தால், ஊரில் கிடைக்காத தகப்பன் பெயர் அந்தத் தீவில் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கண்டதை உடனே எழுதி வையுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று குறியுங்கள். வாய்மொழியானால் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்று எழுதுங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் ஒரே மையில் எழுதாதீர்கள். பெருமைக்காக ராஜவம்சத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு ஏக்கர் புஞ்சையில் சோளம் விதைத்து, பஞ்சத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு வேறு பட்டம் தேவையில்லை. எழுதிய குறிப்பைப் பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஒரு படி கொடுங்கள். இந்த வேலையில் நாள் கடத்தாமல் செய்ய வேண்டியது முதல் அறிவுரையில் சொன்னதுதான்: பதிவேடு அடுத்த மாதமும் இருக்கும், வீட்டில் வயதானவர்களிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.