உடல்நலப் பாடம்: சோறு இறங்காத நோய்க்கு எது வைத்தியம்?

சென்ற இதழில் இரத்தசோகை பற்றிப் பாடம் போட்டிருந்தோம். அதை வாசித்த கூட்டம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்க அக்கா மகளுக்கு ரத்தமெல்லாம் பார்த்தாச்சுங்க. டி.பி. இல்லைன்னுட்டாங்க. பூச்சி மாத்திரையும் குடுத்தாச்சு. ஆனா எட்டு மாசமா தட்டுல போட்ட சோத்தைக் கிளறிட்டு எழுந்திரிச்சிடுறா. எலும்பும் தோலுமா இருக்கா, கேட்டா குண்டா இருக்கேங்கிறா. ஊரே எங்க அக்கா வளர்ப்பைத்தான் குத்தம் சொல்லுது" என்றார்.

டாக்டர் சீட்டில் அனோரெக்சியா நெர்வோசா என்று எழுதியிருந்தது. இதற்கு மருந்து உண்டா, இது தாய் செய்த தப்பா என்று அவர் இரண்டு கேள்வி கேட்டார். இந்த இரண்டுக்கும் பதில் தேட வெளிநாட்டு மருத்துவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் பாடம் கொஞ்சம் நீளம். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். பெயருக்கு அர்த்தம் பசியின்மை. ஆனால் பெயரே பாதி தப்பு. பசி பெரும்பாலும் இருக்கும். எடை கூடிவிடும் என்ற பயம் அதை அமுக்கி வைக்கும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளிடம் அதிகம், ஆண் பிள்ளைகளுக்கும் வரும். எடை குறைந்துகொண்டே போகும், மாதவிலக்கு நிற்கும், கை கால் சில்லிடும், மயக்கம் வரும், இதயத் துடிப்பு குறையும். இது பிள்ளையின் அடம் அல்ல. மனநோய்களிலேயே அதிகம் உயிர் குடிப்பவற்றில் இது ஒன்று.

இந்தப் பெயரை வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். 1874-ல் அவர் எழுதிய கட்டுரை அச்சானது. நோயை நன்றாகவே கவனித்து எழுதினார். ஆனால் இந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள்தான் மிகவும் பொருத்தமில்லாதவர்கள் என்றும் எழுதிவிட்டார். அதன்பின் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்று பல காலம் நடந்தது. போகப்போக, பிரித்து வைப்பதோடு நிற்காமல், நோய்க்குக் காரணமே தாய்தான் என்ற பேச்சும் மருத்துவப் புத்தகங்களில் ஏறியது. நம்ம ஊரில் திண்ணையில் பேசுவதை அங்கே கோட்டுப் போட்டவர்கள் பேசினார்கள், அவ்வளவுதான்.

சீட்டு குலுக்கிப் பார்த்த வைத்தியம்

ஒரு வைத்தியம் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குணமான நாலு பேரைக் காட்டினால் போதாது. டாக்டர் தனக்குப் பிடித்த வைத்தியத்தை லேசான நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, முற்றியவரை வேறு வைத்தியத்துக்கு அனுப்பினால், முதல் வைத்தியம் ஜெயித்த மாதிரிதான் தெரியும். குழுவில் முதல் கடன் யாருக்கு என்று சண்டை வராமலிருக்க நாம் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுகிறோம் இல்லையா? ஆராய்ச்சியிலும் அப்படித்தான். யாருக்கு எந்த வைத்தியம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். தலைவிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு அங்கேயும் கூடாது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரஸ்ஸல், ஐவன் ஐஸ்லர் முதலானவர்கள் இதைச் செய்தார்கள். உணவு தொடர்பான மனநோய் உள்ள 80 பேர். அவர்களில் 57 பேருக்கு அனோரெக்சியா. முதலில் எல்லோரையும் மருத்துவமனையில் சேர்த்து எடையைத் தேற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒரு வருடம் தனியாக ஆலோசனை. மறு பகுதியினருக்குக் குடும்பத்தோடு சேர்த்து ஆலோசனை. அதாவது, எந்தத் தாய் தகப்பனை ஒதுக்கி வைத்தார்களோ, அவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

1987-ல் முடிவு வெளியானது. 18 வயதுக்குள் நோய் ஆரம்பித்து, மூன்று வருடம் ஆகாத பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு செய்த வைத்தியம் தெளிவாக நல்ல பலன் தந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நிலைத்திருந்தது. எல்லா வயதினருக்கும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன வயதுப் பிரிவில் இருந்தவர்கள் 21 பேர்தான். அதனால் மற்ற ஊர்களிலும் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

இந்த முறையைப் பின்னாளில் புத்தகமாக எழுதி வைத்தார்கள். அதில் மூன்று கட்டம். முதலில், என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு நாள் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துவரச் சொல்லி, ஆலோசகர் முன்னாலேயே குடும்பம் சாப்பிடுகிறது. பிள்ளை போதும் என்று நிறுத்திய பிறகு இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட வைக்கத் தாயும் தகப்பனும் சேர்ந்து முயல வேண்டும். ஒருவர் கெஞ்சி ஒருவர் திட்டினால் வேலைக்கு ஆகாது. எடை ஏறியதும், சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்கள். கடைசியில்தான் படிப்பு, சிநேகம், வயசுக் கவலை எல்லாம். யார் குற்றம் என்ற விசாரணை எந்தக் கட்டத்திலும் கிடையாது. எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் சிகாகோவிலும் 121 பிள்ளைகளிடம் செய்த ஆராய்ச்சி 2010-ல் வெளியானது. இங்கேயும் குலுக்கல்தான். ஒரு வருட வைத்தியம் முடிந்த அன்று இரண்டு பக்கத்துக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இன்னொரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குடும்ப வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள். தனி ஆலோசனை பெற்றவர்களில் 23 பேர். நல்ல செய்திதான். ஆனாலும் நூற்றில் 51 பேர் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

அதே 2010-ல், உணவு நோய்களுக்கான சர்வதேச வல்லுநர் சங்கம் ஒரு அறிக்கை விட்டது. குடும்பம்தான் இந்த நோய்க்கு முதற்காரணம் என்ற கொள்கையை ஏற்க முடியாது என்று அதில் எழுதினார்கள். அந்த உறுப்பினரின் அக்காவுக்கு இதை நாங்கள் இரண்டு தரம் வாசித்துக் காட்டினோம்.

மாத்திரை என்ன ஆச்சு?

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மாத்திரையை இந்த நோய்க்கும் நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் எடை தேறிய 93 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 49 பேருக்கு நிஜ மாத்திரை, 44 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஆலோசனையும் உண்டு. ஒரு வருடம் முழுக்க நின்று எடையையும் காப்பாற்றியவர்கள் நிஜ மாத்திரையில் நூற்றுக்கு சுமார் 27 பேர், போலி மாத்திரையில் சுமார் 32 பேர். மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை என்று 2006-ல் எழுதிவிட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இடையில் நின்றுபோனவர்களையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். குழுவை விட்டுப் போன உறுப்பினரின் பாக்கியைப் பேரேட்டிலிருந்து அடித்துவிட்டு, வசூல் நூற்றுக்கு நூறு என்று சொன்னால் தணிக்கையில் விடுவார்களா? அதே மாதிரிதான்.

ஒலன்ஸபைன் என்ற இன்னொரு மருந்தை 152 பேரிடம் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவுப்படி எடை கொஞ்சம் ஏறியது. குண்டாகிவிடுவேன் என்ற எண்ணம் மாறவில்லை. ஆகவே இன்றுவரை இந்த நோயை மட்டும் போக்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு வேறு காரணத்துக்காக டாக்டர் கொடுத்த மருந்தை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆபத்தான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் இறங்கி இதயமே நிற்கலாம். இரண்டாம் உலகப்போரில் பட்டினி கிடந்து மீண்ட கைதிகளிடம் இதைக் கண்டார்கள். அதனால் மருத்துவமனைகளில் மிகக் குறைவாகத்தான் ஆரம்பிப்பார்கள். கலிபோர்னியாவில் இரண்டு மருத்துவமனைகளில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1400 கலோரியிலும் மறு பகுதியினருக்கு 2000 கலோரியிலும் தொடங்கி ஒப்பிட்டார்கள். 2020-ல் வந்த முடிவு: அதிகமாகத் தொடங்கியவர்கள் மூன்று நாள் முன்னதாகவே உடல் தேறினார்கள், உப்பு இறங்குவது கூடவில்லை. ஆனால் அது மருத்துவமனைக்குள், இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. வீட்டில் வாயைப் பிடித்து ஊட்டுவதற்கு இது உத்தரவு இல்லை. பிள்ளை மிகவும் மெலிந்து மயக்கம் போட்டால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் சாப்பாடு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். "நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேப்பாங்களா?" என்று அந்த அக்கா எங்களிடம் கேட்டார். டாக்டருக்கு வேண்டியது அது இல்லை. போன வருடம் பிள்ளையின் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு, மாதவிலக்கு எந்த மாதம் நின்றது, எத்தனை தரம் மயங்கி விழுந்தாள் என்பதுதான் வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, தகப்பனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறோம்.