தொப்புளைத் தொடும் முன் கேள்வி கேட்கட்டும்

சி நெய் சாங் எனப்படும், சீனாவின் தாவோயிஸ மரபில் வந்த வயிற்று மசாஜைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் அதன் பக்கம்தான். பல வருட மலச்சிக்கலிலிருந்து என்னை மீட்டது அது. அதே மசாஜ்தான், விவரம் தெரியாதவர் கையில், நடுராத்திரியில் என்னை தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்கவும் வைத்தது.

கணவருக்கு அங்கே வேலை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். இரண்டு பிரசவம், நேரம் தவறிய சாப்பாடு, காலையில் கழிப்பறையில் போராட்டம். உங்கள் கதையும் இதுவாகத்தான் இருக்கும். திரிபலா, இசப்கோல், விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியாகத்தான் இந்த மசாஜ். தாய்லாந்தில் சீனப் பெற்றோருக்கு 1944-ல் பிறந்த மந்தக் சியாதான் இந்த மசாஜை மேல்நாடுகளுக்குக் கொண்டுபோனவர். அவருடைய தாவோ கார்டன் சியாங் மாய்க்கு வெளியே தோய் சாக்கெட்டில் இருக்கிறது. நான் போனது அங்கே அல்ல. நகரத்துக்குள், வீட்டுக்குப் பக்கத்தில், விலைப்பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்த ஒரு மசாஜ் கடைக்கு.

படுப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தொப்புள் புடைச்சிருக்கு. இருமினா பெரிசாகுது.” தொட்டுப் பார்த்துவிட்டு, “காற்றுதான், எடுத்துடலாம்” என்றாள். இந்த மசாஜ் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். ‘காற்று வாசல்கள்’ அங்கே இருப்பதாக தாவோயிஸம் சொல்கிறது. சரியாகச் செய்பவர்கள் முதலில் தோலைத்தான் தொடுவார்கள். இவளோ எண்ணெய் தடவிய கட்டை விரலை நேராகப் புடைப்பின் மேல் வைத்து அழுத்தித் திருகினாள். வலிக்கிறது என்றேன். “காற்று போகும்போது வலிக்கும்” என்றாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே பதில்.

அன்று ராத்திரி தொப்புள் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாகி நின்றது. வழக்கமாக மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும், போகவில்லை. வாந்தி வேறு. அவசரப் பிரிவில் வலிக்கு ஊசி போட்டு, டாக்டர் மெதுவாக அதை உள்ளே தள்ளினார். தொப்புள் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே கொழுப்போ குடலோ வெளியே வரும். சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. வலை வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

கடையில் போய்க் கேட்டோம். நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். முழுக்க தாய்லாந்து மொழியில் இருந்தது. ஊரிலிருந்து நாத்தனார் போனில், “அண்ணி, காசு குடுத்து வயித்தைக் கெடுத்துக்கிட்டீங்களே” என்றாள். அவளுக்கு அன்று சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். குடலிறக்கம் மசாஜால் வந்ததல்ல. பிரசவத்திலிருந்தே இருந்தது. எத்தனை டாக்டர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள்? ஒருவர்கூட “இருமுங்க” என்று சொல்லிக் கை வைத்துப் பார்த்ததில்லை. மசாஜை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

அதனால்தான் மறுபடியும் போனேன், இந்த முறை பக்கத்து வீட்டம்மா சொன்ன ஒரு வயதான பெண்மணியிடம். தழும்பைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் தொடுவேன் என்றார். மாதக்கணக்கில் காத்திருந்து கடிதத்தோடு போனேன். கர்ப்பமா, காப்பர்-டி இருக்கிறதா, காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது பெருந்தமனி வீக்கம் உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, உள்ளங்கையை வயிற்றில் வைத்து, மூச்சு அந்தக் கையைத் தூக்கும்வரை காத்திருந்தார். தொப்புளுக்கு மேலே துடிக்கும் நாடியைக் கண்டுபிடித்து, அதை அழுத்தாமல் விலகிப் போனார். வலது அடிவயிற்றிலிருந்து மேலே, விலா எலும்புக்குக் கீழே குறுக்காக, இடப்பக்கம் இறங்கி. பெருங்குடல் போகிற வழியிலேயே விரல்கள் போயின. தழும்புப் பக்கம் போகவே இல்லை.

ஈரலில் கோபம், மண்ணீரலில் கவலை, சிறுநீரகத்தில் பயம் தங்கும் என்பது தாவோயிஸக் கணக்கு. மண்ணீரல் இருக்கும் இடது விலாவுக்குக் கீழே அவர் கை வந்தபோது எனக்கு அழுகை பொங்கியது. அந்தக் கணக்கை நான் நம்புகிறேன். நம்பாதவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: வயிற்று மசாஜ் மலச்சிக்கலைக் குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளும் வந்திருக்கின்றன.

இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில், படுக்கையை விட்டு எழும் முன் நானே செய்துகொள்கிறேன். கொஞ்சம் நல்லெண்ணெய், அதே வழி, லேசான அழுத்தம். தண்ணீரும் நடையும் கூடவே வேண்டும். மலச்சிக்கலுக்கான மாத்திரை நின்றுவிட்டது.

வலித்தால்தான் குணமாகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும். பிள்ளை பெற்றவர்கள் இன்றைக்கே மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கி, ஒரு தடவை இருமி, தொப்புளில் கை வைத்துப் பாருங்கள். ஏதாவது புடைத்தால், மசாஜுக்கு முன்னால் ஒரு சர்ஜனிடம் காட்டுங்கள்.