கால் கழுவத் தண்ணீர்

லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்து விருந்தை, ஒரு பெண்ணின் கண்ணீர்க் கதையாகவே நெடுநாள் படித்து வந்தேன். விருந்தளித்த பரிசேயன் சீமோனைக் கவனிக்கவில்லை.

அந்நாட்டில் புழுதியில் நடந்து வருபவருக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவார்கள், முத்தமிட்டு வரவேற்பார்கள், தலைக்கு எண்ணெய் பூசி மரியாதை செய்வார்கள். ஆதியாகமம் 18-இல் ஆபிரகாம், வழிப்போக்கராக வந்த மூவருக்கும் முதலில் தண்ணீரைத்தான் கொண்டுவரச் சொல்கிறார். சீமோனோ இயேசுவை உணவுக்கு அழைத்தும் இம்மூன்றையும் செய்யவில்லை. கேள்விப்பட்டு வந்த அந்தப் பெண் செய்தாள். கண்ணீரால் பாதங்களை நனைத்தாள், கூந்தலால் துடைத்தாள், முத்தமிட்டாள், பரிமளதைலம் பூசினாள். இயேசு இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டுகிறார். அதற்குமுன் அவர் சீமோனிடம் கேட்பது, அவளைப் பார்க்கிறாயா என்பதே.

சாப்பாடு போட்டால் உபசாரம் முடிந்தது என்று எண்ணியிருந்தவன் நான். வந்தவரை முதலில் முகம் பார்த்தேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.