ஃபெஸுக்கு முன்னால் திண்டுக்கல்

கன்னிவாடி,
ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மொராக்கோவில் ஃபெஸ் என்றொரு பழைய நகரம் இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். போகலாம். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த ஊர் அது. கோட்டைச் சுவருக்குள் காரே போகாது. சந்துகளில் கழுதையும் தள்ளுவண்டியும்தான். "பலாக்!" என்று சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆனால் பாஸ்போர்ட் வரும்வரை சும்மா இருக்காதே. பொங்கல் லீவில் என்னோடு திண்டுக்கல்லுக்கு வா.

"டியூஷனுக்குத் தினமும் போன ஊர்தானே" என்பாய். கோட்டைமேல் ஏறியிருக்கிறாயா? நானே முப்பது வயதில்தான் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் ஒன்பது இடம் காட்ட எங்களைக் கூட்டிப்போனார்கள். இன்று நினைவிருப்பது பஸ்ஸில் பக்கத்துப் பையன் வாந்தி எடுத்தது மட்டும்தான். அதனால் என் கணக்கு இது: ஒரு நாளைக்கு இரண்டு இடம், நடுவில் ஒரு சாப்பாடு.

வெயில் ஏறுமுன் மலைக்கோட்டை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், உச்சியில் மூலவர் இல்லாத கோயில் ஒன்று நிற்கும். எல்லாரும் அங்கே போட்டோ எடுப்பார்கள். நீ முதலில் சுற்றிலும் பார். மேற்கே நம் ஊரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. மதுரையிலிருந்து கொங்குநாட்டுக்குப் போகிறவன் இந்த இரண்டுக்கும் இடையில்தான் போயாக வேண்டும். இந்தப் பாறையைப் பிடித்தவன் வழியையே பிடித்த மாதிரி. 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்து உட்கார்ந்ததும், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் வெள்ளைக்காரன் இதைக் கேட்டு வாங்கியதும் அதனால்தான். நம் கன்னிவாடியும் அன்று ஒரு பாளையம். கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு வரி விஷயம், உயிர் விஷயம். மேலே அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் இதெல்லாம் தானாகப் புரியும்.

இறங்கியதும் சீரகச் சம்பா பிரியாணி. எந்தக் கடை என்பதில் உன் பெரியம்மாவுக்கும் எனக்கும் இருபது வருஷத் தகராறு. நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஒரு பூட்டுப் பட்டறை. மாங்காய்ப் பூட்டு கையாலேயே உருவாவதைப் பார்க்கலாம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டு விலையில் அடித்ததில் பட்டறைகள் குறைந்துபோயின. வேலை செய்கிறவரிடம் விலை கேட்காதே, சாவி எப்படிப் பொருந்துகிறது என்று கேள். விலை கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். சாவியைக் கேட்டால் ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

ஃபெஸில் தோல் பதனிடும் சுவாரா தொட்டிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நாற்றம் தெரியாமலிருக்கப் புதினாக் கொத்து கொடுப்பார்களாம். சுண்ணாம்பும் புறா எச்சமும் போட்டு ஊறவைக்கும் தோல் அது. படித்ததும் சிரித்துவிட்டேன். நம் தோல்ஷாப் பக்கம் பஸ் போகும்போது பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்துவாளே! இங்கும் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது, சுற்றுப்புறக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. அங்கே வண்ணத் தொட்டிகளைப் படம் எடுக்கும்போது, அந்த ஊர்க்காரர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்றும் விசாரி.

பேகம்பூர், அபிராமி கோயில், வளனார் கோயில் எல்லாம் அடுத்த தடவை. இருட்டுமுன் வீடு திரும்பிவிட வேண்டும்.

செருப்பு வேண்டாம், பாறை வழுக்கும். ஷூ போட்டுக்கொண்டு வா. தண்ணீர் பாட்டில் இரண்டு.

அன்புடன்,
பெரியப்பா