கம்பெனி ஃபிட்டிங் என்று சொல்லி விற்ற கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். ஸ்டாக்காக, அதாவது கம்பெனி விட்டபடியே இருப்பதை வாங்கலாமா, மாடிஃபை பண்ணினதை வாங்கலாமா? ஸ்டாக் காரைத்தான் வாங்க வேண்டும் என்பேன். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் சந்தையில் மூன்றாவதாக ஒரு வகைக் கார் இருக்கிறது. சில வருஷம் மாடிஃபை பண்ணி ஓட்டித் தேய்த்துவிட்டு, விற்பதற்கு முந்தின வாரம் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டி, ‘கம்பெனி ஃபிட்டிங்’ என்று கொண்டுவந்து நிறுத்தும் கார். மூன்றிலும் மோசமானது அதுதான். என் தலையில் கட்டப்பட்டதும் அதுதான்.

நான் தேடியது 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் டிஎஸ்ஜி. நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.8 விநாடியில் தொடும் என்பது கம்பெனிக் கணக்கு. அதே வண்டியில் நாலு பேர் உட்கார்ந்து, டிக்கி நிறைய சாமான் ஏற்றிக்கொண்டு ஊருக்கும் போகலாம். 2020-ல் வந்த ஆர்எஸ் 245 இன்னும் வேகமானது. ஆனால் இந்தியாவுக்கு மொத்தம் 200 கார்தான் வந்தது. வைத்திருப்பவர்கள் விலையை விட்டுக்கொடுப்பதில்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐ கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கும், நல்ல காரும்கூட. ஆனாலும் மனசு ஆர்எஸ்ஸிலேயே நின்றது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். தினசரி ஓட்டத்துக்கு வீட்டில் ஒரு டீசல் வண்டி நிற்கும். இது ஞாயிற்றுக்கிழமைக்கு, மலை ஏறுவதற்கு, ஆசைக்கு.

ஆர்சி, லோன் பாக்கி, வெளிமாநில வண்டி என்றால் என்ஓசி, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறு, டயர் தேதி, சர்வீஸ் ரெக்கார்டில் உள்ள கிலோமீட்டர் எல்லாம் பாருங்கள். எல்லோரும் பார்க்கிறதுதான், அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் எனக்கு அமைந்தது வெளிப்படையாக மாடிஃபை பண்ணின கார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு டாக்டருடையது. ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதுவது), டவுன்பைப், இன்டேக், இன்டர்கூலர் என்று வரிசையாகச் சொன்னார். பில்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். கழற்றின ஒரிஜினல் பாகங்கள் ஷெட்டில் அட்டைப் பெட்டியில் இருந்தன. நேர்மையான மனிதர். “எல்லாம் எழுதி வெச்சிருக்கேனுங்க, யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பாருங்க” என்றார். இருந்தும் நான் வாங்கவில்லை. அதை விட்டது தப்பு என்று நண்பர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். தப்பே இல்லை, காரணங்களைச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாற்றினது முந்தின உரிமையாளர்தான், ஆனால் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், பெரிய விபத்து நேரும்போது கிளெய்மை மறுக்க அவர்கள் கையில் நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்த மாதிரி ஆகும். அதற்கும் மேலே விலை. பாகங்களுக்குச் செலவழித்த பணத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். மாடிஃபை பண்ணின கார் ஸ்டாக் காரைவிடக் குறைந்த விலைக்குப் போக வேண்டியது. கூடுதல் விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்துப் பார்த்தது, நான் வாங்கிய கார். வெள்ளை நிறம், சிங்கிள் ஓனர், ஆறு வருஷ ஓட்டம். விற்றவர் முப்பது வயதுப் பையன், மரியாதையாகப் பேசினார். “ஸ்டாக்குங்ணா. ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டுனதில்லீங்ணா” என்று புரோக்கர் முன்னால் வைத்துச் சொன்னார். ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாகப் பண்ணலாம் என்று சொல்லி, இந்த வகைக் கார்களையே வேலை பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டினார். ஊரில் பெயருள்ள இடம்தான். அங்கேயே காட்டினோம். எர்ரர் எதுவும் இல்லை, எஞ்சின் சுத்தம், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி டோக்கன் போட்டு, அந்த வாரமே மீதியையும் கொடுத்தேன்.

எனக்கு அதிகம் செலவு வைத்தது அந்தத் தாள்தான். விற்பவர் கைகாட்டும் ஒர்க்‌ஷாப்பில் ஒருபோதும் காரைக் காட்டாதீர்கள். அது எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் சரி, அவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருந்தாலும் சரி.

வாங்கின புதிதில் குன்னூருக்குப் போனோம். கல்லாறு தாண்டி பர்லியார் ஏற்றத்தில், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் விர்ரென்று ஏறுகிறது, வண்டி அதே வேகத்தில் போகிறது. நாலாவது கியரில் இந்தத் தொந்தரவு இல்லை. திரும்பி வரும்போது சமவெளியில் ஐந்தில் போட்டு அழுத்தினேன், மறுபடியும் வழுக்கியது. இந்த டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்தை ஒரு கிளட்ச் தாங்கும். இரண்டு, நாலு, ஆறை மற்றொன்று தாங்கும். முதல் கிளட்ச் தீய்ந்திருக்கிறது என்று அப்போதே புரிந்தது. இந்த முறை எனக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினார்கள். கருகின வாடை. லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தாலே எனக்கு விஷயம் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாக இரும்பு மின்னியது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டவுன்பைப் ஸ்டாக்தான், ஆனால் டர்போவோடு அதைப் பிடித்திருந்த கிளாம்ப் புத்தம் புதுசு. சுற்றியுள்ள உலோகமெல்லாம் சூட்டில் பழுத்துப் பழுப்பாகிக் கிடக்க, அது மட்டும் பளபளத்தது. ஃபேக்டரியில் போல்ட் முடுக்கியபின் வைக்கும் பெயிண்ட் புள்ளிகள் மூன்று இடத்தில் உடைந்து விலகியிருந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஸ்க்ரூத் தலைகள் பலமுறை கழற்றி மாட்டியதில் மழுங்கியிருந்தன. ஸ்பார்க் பிளக்கை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். கம்பெனி கொடுப்பதைவிட ஒரு படி குளிர்ந்த ரகப் பிளக், கேப்பும் குறைத்து வைத்தது. ரீமேப் போட்டு பூஸ்ட் ஏற்றினவர்கள்தான் அந்த ரகத்தைப் போடுவார்கள். (என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், போஷில் அதற்கு நேர்மாறு. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

கடைசிச் சாட்சி தானாகக் கிடைத்தது. மார்கழிப் பனியில் வாசலில் நின்ற காரின் பின் கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. பெரிய ஸ்டிக்கர் ஒன்றை உரித்தெடுத்த இடத்தில் மட்டும் பனி படியாமல், எழுத்து எழுத்தாகப் பெயர் தெரிந்தது. எனக்கு ‘கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்த அதே ஒர்க்‌ஷாப்பின் பெயர். ரீமேப் போட்டது அவர்கள், எடுத்தது அவர்கள், சர்டிஃபிகேட் கொடுத்ததும் அவர்கள். போய்க் கேட்டேன். “கஸ்டமர் விஷயத்தை வெளிய சொல்ல மாட்டோங்க” என்றார்கள். காசு கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொன்ன நானும் கஸ்டமர்தானே?

கிளட்ச் பேக், டூயல் மாஸ் ஃப்ளைவீல், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கியர்பாக்ஸே மட்டம் என்று சொல்கிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் அது. அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கம்பெனி விட்ட டார்க்கோடு ஓட்டினால் வெகுகாலம் உழைக்கும். தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அந்த அழுத்தத்தை 350 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றபடிதான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எஞ்சினை மட்டும் ரீமேப் பண்ணி 400-க்கு மேலே கொண்டுபோய்விட்டு, கியர்பாக்ஸ் மென்பொருளைத் தொடாமல் விட்டால் தட்டு வழுக்கத்தான் செய்யும். வழுக்கினால் சூடாகும், சூடானால் தீயும். அதோடு சிக்னலுக்குச் சிக்னல், நின்ற இடத்திலிருந்து முழு சக்தியில் பாயவைக்கும் லாஞ்ச் கன்ட்ரோலைப் போட்டு ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பிறகு பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றலாம், பைப்பைத் திரும்ப மாட்டலாம். தேய்ந்த கிளட்சைத் திரும்ப வரவைக்க எந்த மென்பொருளும் கிடையாது. அதனால்தான் ஸ்டாக்காகத் திருப்பின காரை மூன்றில் மோசம் என்கிறேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு விற்றவரிடம் கேட்பதற்கே ஒன்றும் இல்லாதபடி செய்துவிட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கார் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே எடுத்துப்போய் ஸ்கேன் பண்ணுங்கள், பணம் உங்களுடையதாக இருக்கட்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில், எஞ்சின் கணினியிலுள்ள மென்பொருள் ஃபேக்டரி மென்பொருளோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தால் ‘டிடி1’ என்று ஒரு குறி அந்தச் சேஸி எண்ணோடு சேர்ந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறி போகாது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் கணினியில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையும் இருக்கும். அதையும் மறைக்கத் தெரிந்தவர்கள் உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

எர்ரர் இல்லை என்றதும் சந்தோஷப்படாதீர்கள். முந்தின நாள் எல்லா எர்ரரையும் அழித்திருக்கலாம். ஸ்கேனரில் ‘ரெடினெஸ்’ என்று ஒரு பக்கம் வரும். கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் மாதிரியானவற்றின் சோதனைகளை கார் தானாகவே ஓடி முடித்திருக்கிறதா என்று அது காட்டும். எர்ரரை அழித்தால் அவையும் சேர்ந்து அழிந்துபோகும். மறுபடி முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். தினமும் ஓடுகிற கார் என்று சொல்கிறார், ரெடினெஸ் முடியாமல் இருக்கிறது என்றால், எதையோ அழித்திருக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பிளக் போதும். ஏற்றத்தில் ஓட்டுங்கள், சமதரையில் அழுத்தாமல் ஓட்டினால் எந்தக் கிளட்சும் யோக்கியமாகத்தான் நடந்துகொள்ளும். கியரை மேனுவலில் மூன்றில் நிறுத்தி, குறைந்த ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக அழுத்துங்கள். பிறகு நாலில் அதையே செய்யுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து “அவ்ளோ அழுத்தாதீங்ணா” என்றால் அதிலேயே விஷயம் இருக்கிறது.

எந்த பெட்ரோல் ஊற்றினார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நம் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலும் கிடைக்கும், கொஞ்சம் விலை கூடின பெட்ரோலும் கிடைக்கும். ஸ்டாக் காரை ஓட்டினவர் இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். நூறு ஆக்டேன் எந்த பங்க்கில் கிடைக்கும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறவர் ஸ்டாக் மேப்பில் ஓட்டினவராக இருப்பது அபூர்வம்.

நான் மாடிஃபிகேஷனுக்கே எதிரி என்று நண்பர்கள் வட்டத்தில் பேச்சு. நான் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டின கரிவர்தனின் ஊர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து மேயும் கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தக் கைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரேஸ் காரில் எதை மாற்றினோம், எப்போது பிரித்துக் கோர்த்தோம் என்று எழுதி வைப்பார்கள். பிரிக்க வேண்டிய நேரத்தில் பிரிப்பார்கள். அவிநாசி ரோட்டில் ஓடிய ரீமேப் காருக்கு அப்படி எந்தக் குறிப்பும் கிடையாது. உங்களுக்குக் குதிரைத்திறன் போதவில்லையா, ஸ்டாக் காரை வாங்கி, அதன் ஆரோக்கியத்தை நீங்களே சோதித்து, கியர்பாக்ஸையும் சேர்த்து டியூன் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுத்து, சட்டத்துக்கு உட்பட்டு டிராக்கில் ஓட்டுங்கள். இன்னொருவர் ஏற்றி இறக்கின குதிரைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம்.

என் காரை முழுசாக ஃபேக்டரி நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிளக்கிலிருந்து கிளட்ச் வரை பில் இருக்கிறது. விற்கும் நாள் வந்தால், முந்தின உரிமையாளர் காலத்தில் ரீமேப் இருந்தது, கிளட்ச் மாற்றினேன் என்பதை விளம்பரத்திலேயே எழுதுவேன். விலை குறையும், குறையட்டும்.

கார் விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றினதை மாற்றினேன் என்று சொல்லுங்கள். என்ன மேப், எத்தனை கிலோமீட்டர் அதில் ஓட்டினீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆர்சியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர்களே, அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் டோக்கன் போடாதீர்கள்.