ஒட்டியும் ஒட்டாமலும்

ஆய்வுக்கூடத்தில் என் விரலிரத்தத்திற்கு லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் நோக்கினேன். நியூட்ரோபில் என்னும் வெள்ளணு ஒன்று. அருகே தூளாய்ச் சிதறிய தட்டணுக்கள். ஒரே குழாயில் உரசி ஓடும் இவை ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்ற ஐயம் எழுந்தது.

வெள்ளணுவின் மேற்பரப்பில் பி.எஸ்.ஜி.எல்.-1 என்னும் பற்று ஏற்பி எப்போதும் நீட்டிய கையாய் நிற்கிறது. அது பற்றவேண்டிய பி-செலக்டினையோ தட்டணு தன்னுள்ளே ஆல்பா நுண்மணிகளில் ஒளித்து வைத்துள்ளது! குழாய் காயம்பட்டுத் தட்டணு தூண்டப்பட்டதும் அது வெளியே வருகிறது. கால்சியம் இன்றி இப்பிடி நிகழாது, நிகழ்ந்தாலும் தளர்வானதே. பின்னர் வெள்ளணுவின் மாக்-1 என்னும் இன்டெக்ரின் நிமிர்ந்து, தட்டணுவின் ஜி.பி.-1பி புரதத்தை இறுகப் பற்றுகிறது.

மாரடைப்புற்றோர் இரத்தத்தில், மோனோசைட் என்னும் மற்றொரு வெள்ளணுவோடு தட்டணுக்கள் இவ்வாறு ஒட்டிய திரள்கள் மிகுந்திருக்கும். என் சிலைடில் அவை தனித்தனியாகவே கிடந்தன.